பயிர் வளர்ப்பு அறையில் கரியமில வாயுவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி: வேலூர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

இலவம்பாடி முள்ளுக் கத்தரியையோ ஆற்காடு கிச்சிலி சம்பாவையோ இன்னும் முப்பது ஆண்டு கழித்து இருக்கப்போகும் காற்றில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆராய்ச்சி மாணவர் யாராவது வந்தால், பெரும்பாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சார், சிலிண்டர் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சிலிண்டரைத் திறந்து வாயுவைச் சேர்ப்பது சுலபம். வாயு அளவை 550, 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று கூட்டி வைக்கும் அறைகள் பெரிய தொல்லை தருவதில்லை. தொல்லை தருவது ஒப்பீட்டுக்காக இன்றைய காற்றளவில் வைத்திருக்கும் அறை. அதை யாரும் கவனிப்பதில்லை, ஆய்வின் முடிவு அங்கேதான் கோணலாகிறது. இந்த வழிகாட்டி அந்த அறையை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு சுமார் 280 பிபிஎம் இருந்தது. 1958-இல் ஹவாயில் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டி, ஆண்டுக்கு 2 முதல் 3 வரை ஏறிக்கொண்டிருக்கிறது. பிபிஎம் என்பது பத்து லட்சம் மூலக்கூறுகளில் எத்தனை என்ற கணக்கு. 420 என்றால் நூற்றுக்கு 0.042 பங்கு. இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் ஒரு ஆள் மூச்சுவிட்டாலே அறையின் கணக்கு குலைந்துபோகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பயிர் எது என்பதும் முக்கியம். ஒளிச்சேர்க்கை நடக்கும் விதத்தை வைத்துப் பயிர்களைப் பிரித்தால் நெல், நிலக்கடலை, கத்தரி, துவரை எல்லாம் சி3 வகை. காற்றில் வாயு கூடினால் ஒளிச்சேர்க்கையும் நன்றாகவே கூடும். கேழ்வரகு, சோளம், கரும்பு, ஜவ்வாது மலைச் சாமை போன்ற சி4 பயிர்கள் இலைக்குள்ளேயே வாயுவைச் செறிவாக்கிக்கொள்பவை. இன்றைய காற்றிலேயே அவற்றுக்கு ஏறக்குறைய போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. அவற்றில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் தண்ணீர்ச் செலவில்தான். ஆகவே கேழ்வரகில் விளைச்சல் கூடவில்லை என்றதும் அறை பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கூட்டும் அளவாக 550 அல்லது 700 வைப்பது வழக்கம், மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட அது வசதி. ஒப்பீட்டு அறைக்கு 420 என்று எழுதிவிடுவார்கள். என் ஆலோசனை 450. காரணம் எளிது. சிலிண்டர் வைத்துக்கொண்டு வாயுவைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. உள்ளே வரும் வெளிக்காற்றே சில நேரம் 440 இருந்தால் 420-ஐ எப்படிப் பிடிப்பது? இலக்கு வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் கட்டுப்பாடு எப்போதும் கையில் இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் 450 என்றே நேர்மையாக எழுதுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

செடி எவ்வளவு தின்கிறது?

கணக்குப் போடாமல் ஒரு வால்வு கூட வாங்காதீர்கள். 2 கன மீட்டர் கொள்ளளவும் 1 சதுர மீட்டர் தரையும் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதற்குள் 2000 லிட்டர் காற்று இருக்கும். தரை முழுக்க இலை மூடிய பயிர், நல்ல வெளிச்சத்தில், சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 மைக்ரோமோல் வாயுவை உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு சுமார் 1.76 லிட்டர். 2000 லிட்டர் காற்றில் இது மணிக்கு 880 பிபிஎம், நிமிடத்துக்கு 15 ஆகிறது. கதவை இறுக மூடிவிட்டு டீ குடித்து வருவதற்குள் செடி பட்டினி கிடக்கும்.

"சரி, வெளிக்காற்றை உள்ளே விட்டால் போச்சு" என்று தோன்றும். மணிக்கு 10 முறை அறைக் காற்று முழுவதும் மாறினாலும், 880-ஐ 10-ஆல் வகுத்தால் 88. 420 பிபிஎம் காற்று உள்ளே வந்தும் அறைக்குள் 330-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். (அளவு குறையக் குறைய செடி உறிஞ்சுவதும் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான்.) ஒப்பீட்டு அறை 420 என்று தாளில் இருக்கும். செடி பார்த்ததோ 340. பக்கத்து அறையில் 550 துல்லியமாகப் பிடித்து வைத்திருப்பீர்கள். முடிவில் கிடைக்கும் வித்தியாசம் 130 பிபிஎம்-க்கு உரியது என்று எழுதுவீர்கள், உண்மையில் அது 210-க்கு உரியது. ஆகவே ஒப்பீட்டு அறைக்கும் சிலிண்டர் இணைப்பு வேண்டும். இது கட்டாயம்.

கசிவுச் சோதனை

அறைக்குள் செடியும் தொட்டியும் எதுவும் இருக்கக் கூடாது, தொட்டி மண்ணும் மூச்சுவிடும். மின்விசிறியை ஓடவிட்டு, வாயுவைச் செலுத்தி 1400 வரை ஏற்றி, எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். வெளிக்காற்றைவிட அதிகமாக இருக்கும் அளவு, அதாவது சுமார் 980, பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 42-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பது கிடைக்கும். 42 நிமிடம் என்றால் ஒரு முறை, 84 நிமிடம் என்றால் அரை முறை.

அரை முறைக்குள் இருந்தால் நல்ல அறை. ஐந்தாறு முறை என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள், ஒயர் நுழையும் துளைகளை சிலிகான் பசையால் அடையுங்கள். எல்லோரும் கோட்டைவிடுவது குளிர்சாதனத் தண்ணீர் வெளியேறும் குழாயை. அதில் யூ வளைவு போட்டு எப்போதும் தண்ணீர் நிற்கும்படி வைக்க வேண்டும். வளைவு காய்ந்துபோனால் அதுவே திறந்த ஜன்னல்.

எல்லா அறைகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்து எண்ணைக் கதவிலேயே ஒட்டிவையுங்கள்.

சென்சார்: பணத்தை இங்கே செலவழியுங்கள்

இந்த வேலைக்கு எல்லோரும் பயன்படுத்துவது அகச்சிவப்பு சென்சார்தான். கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும், எவ்வளவு உறிஞ்சியது என்பதை வைத்து அளவைக் கணக்கிடுவார்கள். விலை குறைந்த சென்சார்களில் ஒரு பொறி உண்டு, தானியங்கி அடிக்கோட்டுத் திருத்தம். வீடு, அலுவலகம் போன்ற இடங்களுக்காக வைத்த வசதி அது. வாரத்தில் ஒரு முறையாவது அறை காலியாகி வெளிக்காற்றளவுக்கு இறங்கும் என்று நம்பி, அந்த வாரத்தின் மிகக் குறைந்த அளவை 400 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் அறையோ இரவு பகலாக 550-இல் நிற்கிறது. சென்சார் மெல்ல மெல்ல 550-ஐ 400 என்று காட்டத் தொடங்கும், கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி மேலும் வாயு சேர்க்கும். திரையில் 550 கோடு அழகாக ஓடும், உள்ளே 700 இருக்கும். அந்தத் திருத்தத்தை அணைக்க வழியில்லாத சென்சார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது காற்றழுத்தம். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சுமார் 987 மில்லிபார், கடல் மட்டத்தில் 1013. அழுத்தத் திருத்தம் செய்யாத சென்சார் குறைந்தது இரண்டரை சதவீதம் குறைத்துக் காட்டும். 550-இல் அது 14 பிபிஎம். சென்னையில் சரிபார்த்து வாங்கி வந்ததை அப்படியே மாட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஏலகிரி மேலே ஆய்வு வைத்தால் 1100 மீட்டர் உயரம், பத்துப் பன்னிரண்டு சதவீதம் போய்விடும்.

சரிபார்ப்பு இரண்டு புள்ளிகளில் செய்ய வேண்டும். பூஜ்யத்துக்கு நைட்ரஜன், அல்லது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் சோடா லைம் நிரப்பிய குழாய் வழியே வந்த காற்று. மேல் புள்ளிக்கு அளவு சான்றளித்த 1000 பிபிஎம் கலவை வாயு. மாதம் ஒரு முறை போதும். இடையில் சந்தேகம் வந்தால் காற்று வீசும் நண்பகலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 470 காட்டினால் தவறு சென்சாரில்.

சென்சாரை இலைகளின் மேல்மட்ட உயரத்தில், விளக்கு நேராகப் படாமல், வாயு வந்து விழும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். முடிந்தால் இன்னொரு வழி இதைவிட நல்லது. ஒரே ஒரு தரமான பகுப்பாய்வுக் கருவியை வெளியே வைத்து, எல்லா அறைகளிலிருந்தும் காற்றை மாற்றி மாற்றி உறிஞ்சி அளக்கலாம். கருவி தவறினாலும் எல்லா அறைக்கும் ஒரே தவறுதான், ஒப்பீடு கெடாது. அறை மாறும்போது குழாயில் மிச்சமிருக்கும் பழைய காற்று வெளியேறக் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பிறகு அளவை எடுங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது

வளர்ப்பு அறை பெரும்பாலும் ஆய்வகத்துக்குள் இருக்கும். ஆய்வகத்தில் முப்பது மாணவர்கள் செய்முறை வகுப்புக்கு வந்தால் அங்கே 1000 பிபிஎம் சாதாரணம். அந்தக் காற்றை அறைக்குள் இழுத்தால் திங்கட்கிழமைக்கு ஒரு அளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அளவு. ஆகவே மொட்டை மாடியிலிருந்து குழாய் போட்டுக் காற்றை எடுங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாயும் சமையற்கூடமும் இல்லாத பக்கமாக இருக்கட்டும். டீசல் புகையில் கரியமில வாயு மட்டுமில்லை, செடியைக் கெடுக்கும் எத்திலீன் வாயுவும் உண்டு.

காற்று அசையாத பின்னிரவில் தரையை ஒட்டி வாயு தேங்கி அளவு ஏறும், வெயில் ஏறியதும் இறங்கும். இந்த மெதுவான மாற்றத்தைத் தொட்டி வைத்துத் தடுக்க முடியாது. சட்டென வந்துபோகும் ஏற்ற இறக்கம் நேராக அறைக்குள் வராமலிருக்க, நடுவில் ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை வைத்து அதன் வழியே காற்றை விடலாம். காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல இழுபறி இல்லாமல் வேலை முடியும், செலவும் அதிகமில்லை.

சிலிண்டர்

இப்போது சிலிண்டருக்கு வருவோம். 30 கிலோ சிலிண்டரில் அறை வெப்பநிலையில் சுமார் 16,600 லிட்டர் வாயு கிடைக்கும். மேலே சொன்ன 2 கன மீட்டர் அறை, கசிவு அரை முறை, 550 இலக்கு என்றால் பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குச் செடி 21 லிட்டர் எடுக்கும், கசிவில் ஒன்றிரண்டு லிட்டர் போகும். ஒரு சிலிண்டர் ஆண்டுக்கு மேல் வரும். மணிக்கு பத்து முறை வெளிக்காற்று விடும் அறையாக இருந்தால் இதோடு வெளியேறும் காற்றில் மட்டும், இரவு பகல் சேர்த்து, நாளொன்றுக்கு 60 லிட்டர் கூடுதலாகப் போகும்.

வெல்டிங் கடைக்குப் போகும் சிலிண்டரை வாங்காதீர்கள். "எல்லாம் ஒரே கேஸ்தான் சார்" என்பார்கள். தொழிற்சாலைத் தர வாயுவில் எத்திலீன் கலந்திருக்க வாய்ப்புண்டு. நூறு கோடியில் சில பத்துப் பங்கு எத்திலீன் போதும், இலை கீழ்நோக்கி வளையும், மொட்டு உதிரும், கதிரில் பதர் கூடும். இதில் பெரிய ஆபத்து, அதிக வாயு அறைக்குத்தான் அதிக எத்திலீன் போகும் என்பது. "கரியமில வாயு கூடினால் கத்தரிப் பூ உதிர்கிறது" என்று கட்டுரை எழுதிவிடுவீர்கள், உதிர்த்தது எத்திலீன். சோடா கம்பெனிகளுக்குப் போகும் உணவுத் தர வாயுவைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேலும், ரெகுலேட்டருக்கு அப்புறம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பூசிய குருணை நிரப்பிய ஒரு குழாயை மாட்டுங்கள். ஊதாக் குருணை பழுப்பானால் மாற்ற வேண்டும்.

வேலூர் மே மாதம் சிலிண்டருக்கும் கெட்ட மாதம்தான். கரியமில வாயு 31 டிகிரி வரைதான் திரவமாக நிற்கும். அந்த வெப்பத்தில் அழுத்தம் 74 பார். அதற்கு மேல் சூடு ஏறினால் அழுத்தமும் விறுவிறுவென ஏறும், பாதுகாப்புத் தகடு உடைந்து மொத்த வாயுவும் வெளியேறலாம். 40 டிகிரியில் தகரக் கூரைக்கு அடியில் சிலிண்டரை நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள். கட்டடத்துக்கு வெளியே, வடக்குப் பக்கம், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் சங்கிலி போட்டு நிறுத்துங்கள். எவ்வளவு மிச்சம் என்று அழுத்த மானியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திரவம் இருக்கும்வரை முள் அசையாது, அப்புறம் ஒரேயடியாக விழும். எடை போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

வாயுவைச் செலுத்தும் அமைப்பு

வரிசை இப்படி: இரட்டை நிலை ரெகுலேட்டர், அதில் வெளி அழுத்தம் 1 பார். அடுத்து எத்திலீன் வடிகட்டி. பிறகு மின்சாரத்தால் திறந்து மூடும் இரண்டு சொலினாய்டு வால்வுகள் தொடர்ச்சியாக, இரண்டும் மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை. ஒன்று கட்டுப்பாட்டுக்கு, மற்றது அளவு மிஞ்சினால் துண்டிப்பதற்கு. பிறகு ஊசி வால்வும் ஓட்டமானியும். கடைசியில் வாயு மின்விசிறிக்கு முன்னால் விழ வேண்டும், செடி மேல் விழக் கூடாது. குழாய்க்கு நைலான் அல்லது பாலியூரித்தேன். சிலிகான் குழாய் வேண்டாம், அதன் சுவர் வழியே கரியமில வாயு தாராளமாக ஊடுருவிப் போய்விடும். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

ஓட்டத்தை நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். வால்வு ஒரு நொடி திறந்தால் 8 மில்லி, நம் அறையில் 4 பிபிஎம். செடி நிமிடத்துக்கு 15 எடுக்கிறது என்றால் நிமிடத்துக்கு நான்கு நொடி திறந்தால் சரியாகிவிடும். புதிதாக அமைப்பவர்கள் ஓட்டத்தை 5 லிட்டர் வைத்துவிட்டு, கோடு 480-க்கும் 700-க்கும் இடையே ஆடுகிறதே என்று நிரலைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். நிரலில் தப்பில்லை, ஓட்டம் அதிகம். ஒரு நொடி திற, வாயு கலந்து சென்சாருக்கு வரும்வரை காத்திரு, மறுபடி பார். இந்த எளிய முறையே ±15-க்குள் பிடிக்கும். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் நிறை ஓட்டக் கட்டுப்படுத்தி வாங்குங்கள். பல அறைகள் இருந்தால்தான் அந்த விலைக்குப் பொருள் உண்டு.

இரவு

விளக்கு அணைந்ததும் கதை தலைகீழாகிறது. செடியும் மண்ணும் மூச்சுவிடுகின்றன. பகலில் உறிஞ்சியதில் ஏழில் ஒரு பங்கு வேகம்தான் என்றாலும் மணிக்கு 120 பிபிஎம் ஏறும். கசிவே இல்லாமல் இறுக மூடிய அறை விடியற்காலையில் 1500-ஐத் தாண்டியிருக்கும். இரவு முழுக்கக் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைப்பது மலிவான வழி. இலக்கை விடாமல் பிடிக்க வேண்டுமானால் சோடா லைம் நிரப்பிய பெட்டி வழியே அறைக் காற்றைச் சுற்றவிட வேண்டும். மருத்துவமனைகள் நிறைந்த ஊர் இது, மயக்க மருந்து இயந்திரங்களுக்குப் போகும் அதே பொருள்தான், கிடைப்பதில் சிரமமில்லை. ஒரு கிலோ ஏட்டுக் கணக்கில் 250 லிட்டர் பிடிக்கும், நடைமுறைக்குப் பாதி என்று வையுங்கள். நம் அறைக்கு இரவுக்கு 3 லிட்டர், ஆக நாற்பது இரவு வரும். நிறம் மாறியதும் மாற்றுங்கள். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் நிறம் திரும்பி வெளுக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் எல்லா அறைக்கும் அதே வழி.

கதவு, மூச்சு, பாதுகாப்பு

நாம் விடும் மூச்சில் கரியமில வாயு நூற்றுக்கு 4 பங்கு, அதாவது 40,000 பிபிஎம். ஒரு ஆள் மணிக்கு சுமார் 20 லிட்டர் வெளியிடுகிறார். ஆள் உள்ளே போகும் அளவுள்ள 10 கன மீட்டர் அறையில் மூன்று பேர் ஐந்து நிமிடம் நின்று இலை எண்ணினால் 500 பிபிஎம் ஏறிவிடும். ஒருவர் மட்டும் போகட்டும், தினமும் ஒரே நேரத்தில், எல்லா அறைக்கும் ஒரே அளவு நேரம். கதவில் ஒரு சுவிட்ச் வைத்து, திறந்ததும் வாயு நிற்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் கருவி ஆய்வகத்தையே 550-க்கு ஏற்றப் பார்க்கும்.

பாதுகாப்பை இலேசாக எடுக்காதீர்கள். எட்டு மணி நேர வேலைக்கு ஏற்ற உச்ச அளவு 5000 பிபிஎம், 40,000 உயிருக்கு உடனடி ஆபத்து. 50 கன மீட்டர் அறைக்குள் 30 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் காற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு ஆகிவிடும், உள்ளே நுழைபவர் சில மூச்சுகளில் விழுந்துவிடுவார். அதனால்தான் சிலிண்டர் வெளியே. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் எச்சரிக்கை மணியின் சென்சாரை ஆய்வகத்தில் முழங்கால் உயரத்தில் வையுங்கள், 5000-இல் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் உள்ளே ஓடிப்போய் வால்வை மூட நினைக்காமல் எல்லோரும் வெளியேறுங்கள்.

கரண்ட் போனால் வால்வு தானாக மூடும், நல்லது. ஆனால் விசிறியும் விளக்கும் குளிர்சாதனமும் நின்றுவிடும். சென்சாருக்கும் பதிவுக் கருவிக்கும் சிறிய யூபிஎஸ் போதும், அரை மணி நேரம் என்ன நடந்தது என்பதாவது பதிவில் இருக்கும். ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில நொடிகளில் கட்டுப்பாட்டுக் கருவி அணைந்து எழுந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடுகிறதா என்று ஒரு முறை வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள். ஆய்வு தொடங்குவதற்கு முன்.

அறைகளை மாற்றுவதும் பதிவும்

550-க்கு ஒரு அறை, 450-க்கு ஒரு அறை, ஒவ்வொன்றிலும் இருபது தொட்டி என்றால் உங்களிடம் இருபது மறுபதிவுகள் (தனித்தனியாகத் திரும்பச் செய்த சோதனைகள்) இல்லை, ஒன்றுதான். தொட்டிகள் எல்லாம் ஒரே அறையின் விளக்கையும் விசிறியையும் பகிர்ந்துகொள்கின்றன. கூடுதல் அறைகள் இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை அளவையும் செடிகளையும் சேர்த்து அறை மாற்றுங்கள், முழு ஆய்வையும் மறுபடி ஒரு முறை அறைகளை மாற்றிச் செய்யுங்கள். தொட்டி சிறியதாக இருந்தால் வேர் இடம் தேடித் தவித்து, கூடுதல் வாயுவின் பலன் சில வாரங்களில் மங்கிவிடும். கத்தரிக்குப் பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டி நல்லது.

வாயு கூடினால் இலைத்துளைகள் சற்று மூடிக்கொள்ளும். நீராவி குறைந்து இலை சூடாகும், அறையின் ஈரப்பதமும் இறங்கும். ஆகவே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வாயு அளவோடு சேர்த்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யுங்கள். கட்டுரையில் இலக்கு அளவை மட்டும் எழுதாமல், பகல் சராசரி, இரவு சராசரி, விலக்கம், இலக்கின் ±25-க்குள் நின்ற நேரம் எத்தனை சதவீதம், சென்சாரை எந்தத் தேதியில் எந்த வாயுவால் சரிபார்த்தீர்கள், சிலிண்டர் என்ன தரம் என்பதையெல்லாம் ஒப்பீட்டு அறைக்கும் சேர்த்தே எழுதுங்கள்.